எடிட்டரில் ஓடுகிற ஜார், வெளியே வந்தால் லைப்ரரியைக் காணோம் என்கிறது

கேள்வி – ஜனவரி 9, காலை 11:20

டேட்டாபேஸிலிருந்து பதிவுகளை எடுத்து எக்செல் கோப்பாக எழுதும் சின்ன ஜாவா செயலி. எடிட்டரில் ரன் பட்டனை அழுத்தினால் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஜாராக, அதாவது கிளாஸ்களை எல்லாம் ஒரே பொட்டலமாக்கிய கோப்பாகக் கட்டி வெளியே எடுத்து ஓட்டினால் ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’. வேண்டிய லைப்ரரி ஜார்கள் அத்தனையும் பக்கத்திலேயே ‘லிப்’ ஃபோல்டரில் இருக்கின்றன. கட்டளையிலும் சொல்லிவிட்டேன்: ஜாவா -சிபி "லிப்/*" -ஜார் செயலி.ஜார். அப்படியும் அதே பிழை. விண்டோஸ், ஜாவா 17. இது ஜாவாவில் உள்ள பிழை என்றுதான் நினைக்கிறேன். யாராவது மறுத்துச் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு 9:50

மறுக்கிறேன். -ஜார் என்று எழுதியதுமே உங்கள் -சிபி, அதாவது கிளாஸ்களை எங்கெல்லாம் தேட வேண்டும் என்று சொல்லும் கிளாஸ்பாத், செல்லாக்காசு ஆகிவிட்டது. எச்சரிக்கை கூட வராது, சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். கிளாஸ்பாத்தை சிஸ்டத்தின் என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்திருந்தாலும் அதே கதிதான். ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: -ஜார் கொடுத்தால் அந்த ஜார் ஒன்றுதான் கிளாஸ்களுக்கு மூலம், மற்ற அமைப்புகள் எதுவும் எடுபடாது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. நானும் அடிபட்ட பிறகுதான் படித்தேன்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, -ஜாரை விட்டுவிடுங்கள். ஜாவா -சிபி "செயலி.ஜார்;லிப்/*" என்று எழுதி, கடைசியில் மெயின் கிளாஸின் முழுப் பெயரைப் பேக்கேஜோடு கொடுங்கள். உங்கள் ஜாரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். மற்றது, ஜாருக்குள் அதைப் பற்றிய விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ‘கிளாஸ்-பாத்’ என்று ஒரு வரி சேர்த்து, எந்தெந்த ஜார் வேண்டும் என்று அங்கேயே எழுதிவிடுவது. பிறகு -ஜார் போதும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். அப்படியே வெட்டி ஒட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று வராதீர்கள்.

ஜனவரி 9, இரவு 10:15

எடிட்டரில் மட்டும் ஏன் ஓடியது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எடிட்டர் -ஜார் போடுவதே இல்லை. தொகுத்த கிளாஸ்கள் கிடக்கும் ஃபோல்டர், பிறகு ஒவ்வொரு லைப்ரரி ஜாரின் முழு முகவரி என்று நீளமாக ஒரு -சிபி கட்டி, மெயின் கிளாஸைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ரன் சாளரத்தின் முதல் வரியைப் பெரும்பாலும் சுருக்கி வைத்திருப்பார்கள். அதை விரித்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு நீளும். அவ்வளவு நாளும் உங்களுக்காக அந்த வேலையை யாரோ செய்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும்.

ஜனவரி 10, காலை 7:30

மேனிஃபெஸ்ட் வழியைத் தேர்ந்தெடுத்ததாகவும், ‘மெயின் மேனிஃபெஸ்ட் ஆட்ரிபியூட் இல்லை’ என்று வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எந்த கிளாஸிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் மெயின்-கிளாஸ் வரி கோப்பில் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன் என்கிறீர்கள்.

கண்ணால் பார்த்தேன் என்று நானும் ஒரு ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பழைய ஜாவா. நோட்பேடில் இரண்டே வரி எழுதி, சேமித்து, ‘ஜார்’ கருவியிடம் கொடுத்தேன். முதல் வரி கிளாஸ்-பாத், இரண்டாவது மெயின்-கிளாஸ். ஜாரைக் கட்டினால் மெயின்-கிளாஸைக் காணோம். எழுத்துப் பிழையா என்று பார்த்தேன். பேக்கேஜ் பெயரை மாற்றினேன். வரிகளை இடம் மாற்றினேன், இப்போது மெயின்-கிளாஸ் இருக்கிறது, கிளாஸ்-பாத்தைக் காணோம்! அங்கேதான் பொறி தட்டியது. இரண்டாவதாக எது வந்தாலும் விழுங்கப்படுகிறது. கடைசி வரிக்குப் பின் நான் எண்டர் தட்டவில்லை. வரி முடிந்தது என்பதற்கு அடையாளம் இல்லாததால் கருவி அதை வரியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதிகாரபூர்வப் பயிற்சிப் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கை உண்டு. ஒரு எண்டருக்கு நான் கொடுத்த விலை ஐந்து மணி நேரத் தூக்கம்.

ஆக, முதலில் கடைசியில் ஒரு எண்டர். இரண்டாவது, மேனிஃபெஸ்டில் ஒரு வரி 72 பைட்டைத் தாண்டக் கூடாது. லைப்ரரிகள் நிறைய இருந்தால் தாண்டத்தான் செய்யும். அப்போது வரியை உடைத்து, அடுத்த வரியை ஒற்றை இடைவெளியோடு தொடங்க வேண்டும். அந்த இடைவெளி ‘இது மேல் வரியின் தொடர்ச்சி’ என்று சொல்லும் குறி, பெயர்களைப் பிரிக்கும் இடைவெளி ஆகாது. இரண்டு ஜார் பெயர்களுக்கு நடுவே உடைத்தால் இடைவெளி இரண்டு வேண்டும். ஒன்று போட்டால் இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டு, உலகத்தில் இல்லாத ஒரு ஜாரைத் தேடும். தேடிக் கிடைக்காவிட்டாலும் வாயைத் திறக்காது, அடுத்ததைப் பார்க்கப் போய்விடும்.

இதையெல்லாம் கையால் எழுதவே வேண்டாம், ஜாவா செயலியைக் கட்டும் கருவிகளான மேவனோ கிரேடிலோ எழுதித் தரும் என்று சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது எழுதித் தந்ததைப் படிக்கத் தெரிய வேண்டாமா?

ஜனவரி 12, மாலை 6:05

“மேனிஃபெஸ்டில் லிப்/* என்று போட்டேன், எடுபடவில்லை.”

எடுபடாது. நட்சத்திரம் கட்டளை வரிக்கு மட்டும். அதுவே ஜாவா 6-இல்தான் வந்தது. மேனிஃபெஸ்டில் ஒவ்வொரு ஜாரையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். ஃபோல்டர் பெயரை எழுதி முடிவில் சாய்கோடு போட்டாலும், அதற்குள் அவிழ்ந்து கிடக்கும் கிளாஸ் கோப்புகளைத்தான் பார்க்கும், ஜார்களைத் தொடாது.

அங்கே எழுதுவது கோப்பின் பாதை போலத் தெரிந்தாலும் உண்மையில் யுஆர்எல். அதனால் பிரிப்பது இடைவெளி, அரைப்புள்ளி கிடையாது. கோப்புப் பெயரிலேயே இடைவெளி இருந்தால் அதை %20 என்று எழுத வேண்டும். சாய்கோடு எப்போதும் முன்பக்கம் சாய்வது, விண்டோஸிலும்கூட.

இன்னொன்று. அந்தப் பாதைகள் ஜார் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படும், நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலிருந்து இல்லை. எந்த மூலையிலிருந்து ஓட்டினாலும் லைப்ரரி கிடைக்கும். இந்த வழியை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான். -சிபி-யில் ‘லிப்/*’ என்று எழுதினால் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தேடும். ஸ்கிரிப்டை வேறு ஃபோல்டரிலிருந்து கூப்பிட்டால் அவ்வளவுதான்.

ஜனவரி 12, மாலை 6:20

டபுள் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், நடந்திருக்கிறது என்று பொருள். விண்டோஸ் அதை ‘ஜாவாடபிள்யூ’ கொண்டு திறக்கிறது. அதற்குக் கருப்புத் திரை கிடையாது. பிழை வந்து, யாரும் பார்க்காமல் செத்துப்போயிருக்கும். கட்டளைத் திரையைத் திறந்து ஓட்டுங்கள்.

ஜனவரி 13, காலை 8:00

மெயின் கிளாஸ் பிரச்சினை தீர்ந்தது, இப்போது ‘எக்ஸ்எம்எல்பீன்ஸ்’ என்று என்னவோ காணோமாம். நல்ல செய்தி. பிழை மாறுவது முன்னேற்றம்.

எக்செல் எழுத அப்பாச்சி பிஓஐ வைத்திருக்கிறீர்கள், சரிதானே? அதன் ஜாரை மட்டும் இறக்கி லிப் ஃபோல்டரில் போட்டிருப்பீர்கள். அது தனியாக வாழாது. புதிய எக்செல் வடிவம் என்பது ஒரு ஜிப்புக்குள் எக்ஸ்எம்எல் கோப்புகள். அதைப் படிக்க எக்ஸ்எம்எல்பீன்ஸ் வேண்டும், சுருக்க காமன்ஸ் கம்ப்ரெஸ் வேண்டும், காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் வேண்டும். லைப்ரரிக்கு லைப்ரரி, அதற்கும் ஒரு லைப்ரரி. பிழையில் வரும் பெயரைத் தேடித் தேடி ஒவ்வொன்றாக இறக்கினால் கடைசி வரை முடியாது. மேவனில் டிபென்டன்சி-ட்ரீ கட்டளையை ஓட்டுங்கள், மொத்தக் குடும்பமும் கிளை கிளையாகத் தெரியும். காப்பி-டிபென்டன்சீஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அது அத்தனையையும் ஒரு ஃபோல்டரில் அள்ளிப் போடும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். முதலில் சட்டியை நிரப்புங்கள்.

ஜனவரி 16, இரவு 11:10

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. “இவ்வளவு பாடு எதற்கு? எல்லாவற்றையும் ஒரே ஜாரில் போட்டு ஃபேட் ஜாராகக் கட்டிவிட்டால் தீர்ந்ததே?”

எனக்கு ஃபேட் ஜார் பிடிக்காது. காரணங்கள் சொல்கிறேன்.

முதலில், ஜாருக்குள் ஜாரை வைத்தால் ஜாவா அதைத் திறந்து பார்க்காது. கிளாஸ்களைத் தேடி ஏற்றும் வழக்கமான கிளாஸ் லோடருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே ஃபேட் ஜார் என்றால் எல்லா லைப்ரரிகளையும் அவிழ்த்து, உள்ளே இருந்த கிளாஸ்களை ஒரே குவியலாகக் கொட்டி மறுபடி கட்டுவது. குவியலில் ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள் வந்தால்? ஒன்று மற்றதை அழித்துவிடும்.

‘மெட்டா-இன்ஃப்/சர்வீசஸ்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. நான் இன்ன சேவையைத் தருகிறேன், என் கிளாஸ் பெயர் இது என்று லைப்ரரிகள் அங்கே சின்ன உரைக்கோப்பு வைக்கும். டேட்டாபேஸ் டிரைவர்கள் அப்படித்தான் தாமாகப் பதிவாகின்றன. இரண்டு டிரைவர்கள் இருந்தால் இரண்டு ஜாரிலும் ஒரே பெயரில் கோப்பு இருக்கும், உள்ளடக்கம் வேறு. தனித்தனி ஜாராக இருக்கும்வரை ஜாவா இரண்டையும் படிக்கும். குவியலாக்கினால் ஒன்று போய்விடும். கிளாஸ் உள்ளே பத்திரமாக இருக்கும், ஆனால் ‘பொருத்தமான டிரைவர் இல்லை’ என்று வரும். ஜாரைத் திறந்து பார்த்தால் டிரைவர் உட்கார்ந்திருக்கிறது! தலையைப் பிய்த்துக்கொள்ளலாம். ஃபேட் ஜார் கட்டித் தரும் மேவன் ஷேட் பிளக்இன்னில் இந்தக் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது கையொப்பம். சில லைப்ரரிகள் கையொப்பமிட்ட ஜாராக வரும். அவிழ்த்துக் குவிக்கும்போது அந்தக் கையொப்பக் கோப்புகளும் உங்கள் ஜாருக்குள் வந்து உட்காரும். ஜாவா பார்க்கும்: இந்த ஜாருக்குக் கையொப்பம் இருக்கிறது, ஆனால் உள்ளடக்கத்தோடு பொருந்தவில்லையே, யாரோ கை வைத்திருக்கிறார்கள். ‘செக்யூரிட்டி எக்ஸப்ஷன்’ வீசும். கை வைத்தது நாம்தான், அது வேறு விஷயம். கட்டும்போது எஸ்எஃப், ஆர்எஸ்ஏ, டிஎஸ்ஏ நீட்டிப்புள்ள கோப்புகளை விலக்கச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 17, காலை 6:40

நேற்று ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தால் கொஞ்சம் அதிகமாகவே பொங்கியிருக்கிறேன். ஃபேட் ஜார் கட்டி நானே எத்தனை முறை அனுப்பியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதை நிறுத்திவிட்டேன். லிப் ஃபோல்டரோடு அனுப்பினால் எதிர்முனையில் இருப்பவர் ஜாரை மட்டும் எடுத்து டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டு “ஓடவில்லை” என்பார். ஒரு தடவை அதே நபரிடம் மூன்று முறை விளக்கிவிட்டு நான்காம் முறை ஒற்றை ஜாராகக் கட்டி அனுப்பினேன். அதன்பின் அவரிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை.

ஆகவே திருத்தம்: வாங்குபவர் தொழில்நுட்பம் அறியாதவர் என்றால் ஒற்றைக் கோப்பு. சர்வரில் நீங்களே வைத்துப் பார்த்துக்கொள்வது என்றால் லிப் ஃபோல்டர்.

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க் கட்டும் ஜாருக்குள் ஜார் இருக்கிறதே, அது மட்டும் எப்படி ஓடுகிறது என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நியாயமான மடக்கல். அங்கே மேனிஃபெஸ்டில் மெயின்-கிளாஸ் என்று இருப்பது உங்கள் கிளாஸ் அல்ல, அவர்களுடைய லாஞ்சர். அது முதலில் எழுந்து, உள்ளே ‘பூட்-இன்ஃப்/லிப்’பில் இருக்கும் ஜார்களைத் திறக்கத் தெரிந்த சொந்த கிளாஸ் லோடரை அமைத்துவிட்டு, அப்புறம்தான் உங்கள் மெயினைக் கூப்பிடும். லைப்ரரிகள் அவிழாமல் முழு ஜாராகவே கிடப்பதால் மேலே சொன்ன இரண்டு தொல்லையும் இல்லை. புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் அந்த ஜாரை இன்னொரு புராஜெக்டில் லைப்ரரியாகச் சேர்க்கப் பார்க்காதீர்கள். உங்கள் கிளாஸ்கள் ‘பூட்-இன்ஃப்/கிளாசஸ்’ என்ற உள்ளறையில் இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஜனவரி 21, இரவு 8:30

ஒரு தவறு. எங்கோ பேச்சுவாக்கில், ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’ என்றாலும் ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸப்ஷன்’ என்றாலும் ஒன்றுதான் என்று கேள்வி கேட்டவரிடம் சொல்லியிருந்தேன். ஒன்றில்லை.

பின்னது, பெயரைச் சரமாகக் கொடுத்து இந்த கிளாஸைக் கொண்டு வா என்று நிரல் கேட்கும்போது கிடைக்காவிட்டால் வருவது. பெயரைத் தப்பாக எழுதினாலும் வரும். முன்னது, தொகுக்கும்போது இருந்த கிளாஸ், ஓடும்போது தேவைப்பட்ட இடத்தில் இல்லை என்றால், ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் வீசுவது. ‘தேவைப்பட்ட இடத்தில்’ என்பதை அழுத்திப் படியுங்கள். ஜாவா எல்லா கிளாஸையும் தொடக்கத்திலேயே ஏற்றிவிடாது, தொடும்போதுதான் தேடும். செயலி திறந்துவிட்டதே, லைப்ரரிகள் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த ஒரு செயலி மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. மாதக் கடைசியில் யாரோ ‘பிடிஎஃப் ஆகச் சேமி’ பட்டனை அழுத்தினார்கள். பிடிஎஃப் லைப்ரரி முதல் நாளிலிருந்தே அங்கே இல்லை.

இன்னும் ஒரு மோசமான வகை உண்டு. அதே எரர்தான், ஆனால் செய்தியில் ‘இந்த கிளாஸைத் தொடங்க முடியவில்லை’ என்று இருக்கும். லைப்ரரியைக் காணோம் என்று நினைத்துத் தேடுவோம். கிளாஸ் அங்கேதான் இருக்கும். அதன் ஸ்டாட்டிக் பகுதி முதல் முறை ஓடும்போது ஏதோ வெடித்திருக்கும், அதனால் ஜேவிஎம் அதற்குச் சாவு முத்திரை குத்தி, அடுத்த முறை யார் தொட்டாலும் இந்த எரரைக் கொடுக்கும். உண்மையான காரணம் லாகில் மேலே எங்கோ ஒரே ஒரு முறை ‘எக்ஸப்ஷன் இன் இனிஷியலைசர் எரர்’ என்று வந்திருக்கும். நான் லாகின் கடைசி 50 வரியை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க ஜார்களை மாற்றி மாற்றிப் போட்டேன். காரணம், ஒரு அமைப்புக் கோப்பில் விடுபட்ட ஒரு வரி.

ஜனவரி 22, காலை 9:15

லினக்ஸ் சர்வருக்குக் கொண்டுபோனதும் ஜாவா உதவிப் பக்கத்தைக் கொட்டுகிறதாம், கூடவே ‘பெர்மிஷன் டினைட்’ என்று ஒரு வரியாம்.

மேற்கோள் குறியை எடுத்துவிட்டீர்கள், அரைப்புள்ளியை விட்டுவைத்தீர்கள். விண்டோஸில் கிளாஸ்பாத்தைப் பிரிப்பது அரைப்புள்ளி (;), லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளி (:). நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் லினக்ஸ் ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் ‘கட்டளை முடிந்தது’. ஆகவே ‘ஜாவா -சிபி செயலி.ஜார்’ வரை ஒரு கட்டளை. ஓட்ட கிளாஸ் எதுவும் சொல்லாததால் உதவிப் பக்கம். அடுத்து லிப் ஃபோல்டரில் உள்ள ஜாரையே ஒரு நிரலாக ஓட்டப் பார்த்திருக்கிறது. அதற்குத்தான் பெர்மிஷன் இல்லை.

நட்சத்திரத்தையும் மேற்கோள் குறிக்குள்ளேயே வையுங்கள். வெறும் லிப்/* என்று விட்டால் ஷெல் முந்திக்கொண்டு அதை விரித்துவிடும். முதல் ஜார் கிளாஸ்பாத் ஆகும், இரண்டாவது ஜாரின் பெயரை மெயின் கிளாஸ் என்று நினைத்து ஜாவா தேடும். ‘லிப்.ஏதோ.ஜார் என்ற மெயின் கிளாஸைக் காணோம்’ என்று விசித்திரமாக ஒரு பிழை வந்தால் இதுதான்.

அப்புறம், விண்டோஸில் ‘Lib’ என்றாலும் ‘lib’ என்றாலும் ஒன்று என்பது போல... சரி, நானே என் விதியை மீறிவிட்டேன், வழக்கமான எழுத்தில் எழுதாமல் இதைச் சொல்ல முடியவில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் பார்க்கும்.

பிப்ரவரி 3, இரவு 10:00

சில நாள் இந்தப் பக்கம் வரவில்லை. இப்போது ‘நோ சச் மெத்தட் எரர்’.

இது காணாமல் போன கதை இல்லை, இரண்டு வந்து நிற்கும் கதை. லிப் ஃபோல்டரில் ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் இருக்கும், பாருங்கள். காப்பி செய்யும்போது பழையதை அழிக்காமல் புதியதைப் போட்டிருப்பீர்கள். கிளாஸ்பாத்தில் எது முன்னால் வருகிறதோ அதிலிருந்துதான் கிளாஸ் எடுக்கப்படும். நட்சத்திரம் போட்டால் எந்த வரிசையில் விரியும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. உங்கள் கணினியில் புதியது முந்தும், சர்வரில் பழையது முந்தும். அதில் அந்த மெத்தட் இல்லை.

எந்த ஜாரிலிருந்து கிளாஸ் வந்தது என்று ஊகிக்க வேண்டாம், ஜாவாவிடமே கேட்கலாம். -வெர்போஸ்:கிளாஸ் என்று சேர்த்து ஓட்டினால் ஏற்றும் ஒவ்வொரு கிளாஸுக்கும் பக்கத்தில் அது வந்த இடத்தையும் எழுதும். ஆயிரக்கணக்கில் வரிகள் கொட்டும், வேண்டிய பெயரை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எத்தனையோ சண்டையை இந்த ஒரு சுவிட்ச் முடித்து வைத்திருக்கிறது.

கையால் காப்பி செய்யவில்லை, மேவன்தான் கொண்டுவந்தது என்றால் இன்னொரு கோணம். ஒரே லைப்ரரியை இரண்டு பேர் வெவ்வேறு பதிப்பில் கேட்டால், மேவன் உங்கள் புராஜெக்டுக்குக் கிளையில் யார் அருகில் இருக்கிறார்களோ அவர்கள் கேட்டதைக் கொடுக்கும். சம தூரம் என்றால் முதலில் எழுதியவருக்கு. புதியதா பழையதா என்று பார்க்காது. கிரேடில் வேறு மாதிரி, வழக்கமாக உயர்ந்த பதிப்பை எடுக்கும். ஒரே புராஜெக்டை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றியதும் திடீரென்று உடைந்தது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

பிப்ரவரி 4, காலை 7:10

பதிப்பு என்றதும் நினைவுக்கு வந்தது. ஃபேட் ஜார் மீது எனக்கு இருக்கும் உண்மையான கோபம் அந்த சர்வீசஸ் கோப்பினால் வந்ததில்லை. 2021 டிசம்பர். லாக் எழுதும் லைப்ரரியான லாக்4ஜே 2-இல் ஓட்டை என்று செய்தி வந்தது. வெளியிலிருந்து வரும் ஒரு சரத்தை லாகில் எழுதினாலே போதும், வேற்று சர்வரிலிருந்து நிரலை இழுத்து ஓட்டிவிடும். 2.15.0 வந்தது, அது போதாது என்று 2.16, அதுவும் போதாது என்று 2.17. நம்மிடம் எங்கெல்லாம் அது இருக்கிறது என்பதுதான் அன்றைய கேள்வி.

லிப் ஃபோல்டர் வைத்திருந்த சர்வர்களில் கோப்புப் பெயரைத் தேடினேன். பதிப்பு எண் பெயரிலேயே இருந்தது. பழையதை எடுத்துப் புதியதை வைத்து, மேனிஃபெஸ்டில் பெயர் இருந்த இடங்களில் திருத்தி, கால் மணி நேரத்தில் முடிந்தது. ஃபேட் ஜார்களில் கோப்புப் பெயரைத் தேடினால் ஒன்றும் சிக்கவில்லை, ஏனென்றால் ஜாராக எதுவும் இல்லை, அவிழ்ந்து கரைந்துவிட்டது. ஒவ்வொன்றையும் திறந்து கிளாஸ் பெயரைத் தேட வேண்டியிருந்தது. இரண்டில் பேக்கேஜ் பெயரையே மாற்றிக் கட்டியிருந்தார்கள், ஷேட் செய்வது என்பார்களே, அது. அங்கே அந்தப் பெயர்த் தேடலும் பலிக்கவில்லை. சோர்ஸைத் தேடிப்பிடித்து, பழைய பில்டை உயிர்ப்பித்து, மறுபடி கட்டி... மூன்று நாள். ஒரு செயலியின் சோர்ஸ் கடைசி வரை கிடைக்கவில்லை. நிறுத்திவிட்டோம்.

ஜனவரி 17-இல் ‘வாங்குபவர் தொழில்நுட்பம் அறியாதவர் என்றால் ஒற்றைக் கோப்பு’ என்று எழுதியதை மாற்றவில்லை. ஆனால் அப்படிக் கட்டும்போது உள்ளே என்னென்ன லைப்ரரி, எந்தப் பதிப்பு என்ற பட்டியலை ஒரு உரைக்கோப்பாக ஜாருக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். டிபென்டன்சி-ட்ரீ கொட்டுவதை அப்படியே சேமித்தால் போதும்.

பிப்ரவரி 4, காலை 7:25

மேலே ‘கால் மணி நேரம்’ என்று எழுதியது ஒரு சர்வருக்கு. வீரம் பேசுவதாக நினைக்க வேண்டாம்.

பிப்ரவரி 11, இரவு 9:40

“பழைய நாளில் ஜார்களை எல்லாம் ஜாவாவின் சொந்த எக்ஸ்ட் ஃபோல்டரில் போட்டுவிடுவோம், எந்தப் பிரச்சினையும் இல்லை.”

நானும் போட்டிருக்கிறேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஜாவாவை நிறுவிய இடத்தில் ‘லிப்/எக்ஸ்ட்’ என்று இருக்கும், அங்கே போட்ட ஜார் எல்லாச் செயலிகளுக்கும் தெரியும். அதுதான் சிக்கலே: எல்லாச் செயலிகளுக்கும். ஒருவருக்காக வைத்த பழைய பதிப்பு மற்றவர்களின் புதிய பதிப்பை முந்திக்கொள்ளும். அந்த ஏற்பாட்டை ஜாவா 9-இல், 2017-இல், தூக்கிவிட்டார்கள். நல்லது.

அதே மாதிரி இன்னொன்று. ஜாவா 8-இல் ஓடிய செயலி 11-க்கு மாறியதும் ஜாவா ஆப்ஜெக்டுகளை எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தரும் ஜேஏஎக்ஸ்பி கிளாஸ்களைக் காணோம் என்றால், உங்கள் மேல் தப்பில்லை. முன்பு ஜாவாவோடு சேர்ந்தே வந்தது, 11-இல் எடுத்துவிட்டார்கள். இனி அதுவும் வெளி லைப்ரரிதான், லிப் ஃபோல்டரில் இடம் கொடுங்கள்.

‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்’ வந்தால் லைப்ரரி இருக்கிறது, ஆனால் உங்கள் ஜாவாவைவிடப் புதிய ஜாவாவுக்காகத் தொகுக்கப்பட்டது. 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. 44-ஐக் கழித்தால் விடை. மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஆனாலும் இப்போது உங்களுக்கு மறக்காது.

பிப்ரவரி 19, மாலை 5:50

ஜேபேக்கேஜ் பற்றிக் கேட்டவருக்கு: ஜாவா 16-இலிருந்து நிலையான கருவியாக இருக்கிறது. செயலி, லைப்ரரிகள், கூடவே ஜாவாவையும் சேர்த்து அந்தந்த இயங்குதளத்துக்கான இன்ஸ்டாலராகக் கட்டும். பயனரிடம் ஜாவா இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்ற பேச்சே எழாது. விண்டோஸுக்கானதை விண்டோஸில் உட்கார்ந்துதான் கட்ட வேண்டும், லினக்ஸுக்கு லினக்ஸில். கோப்பு பெரிதாகும். டெஸ்க்டாப்புக்கு எதையாவது இன்று புதிதாக எழுதினால் ஃபேட் ஜாரா லிப் ஃபோல்டரா என்று சண்டை போடாமல் இதைத்தான் எடுப்பேன். அப்படியானால் ஒரு மாதமாக ஏன் சண்டை போட்டேன் என்று கேட்காதீர்கள்.

மார்ச் 2, இரவு 9:05

சர்வரில் ஓடுகிறதாம். பிழை எதுவும் இல்லை, ‘அறிக்கை எழுதப்பட்டது’ என்ற செய்தியும் வருகிறதாம். ஆனால் எக்செல் கோப்பை மட்டும் காணோமாம். ஜார் இருக்கும் ஃபோல்டரில் இல்லை, லிப்பில் இல்லை.

ஜனவரி 12-இல் எழுதியதன் மறுபக்கம் இது. மேனிஃபெஸ்டின் கிளாஸ்-பாத்தைத்தான் ஜார் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடும். நிரலுக்குள் வெறும் ‘அறிக்கை.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ என்று கோப்பைத் திறந்தால், அது ஓட்டியவர் அப்போது நின்ற ஃபோல்டரில் போய் உட்காரும். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டிருக்கிறீர்கள் என்றால் அது கிரான் ஓடும் பயனரின் ஹோம் ஃபோல்டர். அங்கே பாருங்கள்.

மார்ச் 2, இரவு 9:30

இருந்ததாம். பதினொன்றாம் தேதியிலிருந்து ஓடியதில், ஒரே பெயரில் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு, கடைசி நாளுடையது மட்டும்.